இடது பக்கம் காலியாக: தந்தையை இழந்த ஒரு கால்பந்து ரசிகனின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பையன் மனநல ஆலோசனைக்காக என்னிடம் வந்தபோது அவனுக்கு வயது 15. இப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். இதை எழுதலாமா என்று கேட்டபோது அவனும் அவன் அம்மாவும் சம்மதித்தார்கள். எழுதி முடித்ததும் இருவரும் ஒருமுறை படித்தார்கள். யார், எந்த ஊர் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை. அணியை மட்டும் மாற்ற முடியவில்லை. அவர்கள் அர்ஜென்டினா ரசிகர்கள். வேறொரு அணியின் பெயரைப் போட்டால் நடந்தது எதுவுமே பொருந்தாது.

எழுதக் காரணம் என் பக்கம் நேர்ந்த ஒரு பிழை. அப்பா இல்லாமல் வரும் முதல் உலகக் கோப்பைக்கு அவனைத் தயார்செய்ய எனக்கு நாலு மாதத்துக்கு மேல் கிடைத்தது. அணி தோற்றால் என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து விரிவாகத் திட்டம் போட்டோம். அணி ஜெயித்தது. அன்றுதான் அவன் உடைந்துபோனான்.

பின்னணி

அப்பாவுக்கு அர்ஜென்டினா மீதான பிடிப்பு 12 வயதில் ஆரம்பித்தது. 1986 ஜூன் 29, மெக்ஸிகோவின் அஸ்டெக்கா மைதானம், உலகக் கோப்பை இறுதிப்போட்டி. மேற்கு ஜெர்மனி இரண்டு கோல் பின்தங்கியிருந்து சமன்செய்ய, 84-வது நிமிடத்தில் மரடோனா தட்டிவிட்ட பந்தை புருச்சாகா ஓடிப்போய் கோலாக்கிய ஆட்டம். அதை அவர் தன் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தார். நாலு வருடம் கழித்து அதே எதிரணியிடம் 85-வது நிமிடப் பெனால்டியில் இறுதிப்போட்டியைத் தோற்றதையும் அவரோடுதான் பார்த்தார். அந்தத் தாத்தா 2009-இல் காலமானார். அப்போது பையனுக்கு இரண்டு வயது. தாத்தாவின் முகம் அவனுக்குப் புகைப்படத்தில்தான் தெரியும்.

பையனின் கதை 2014-இல் தொடங்குகிறது. பிரேசிலின் மரகானா மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப்போட்டி, மறுபடியும் ஜெர்மனி. கூடுதல் நேரத்தில், 113-வது நிமிடம், ஜெர்மனியின் கோட்ஸே நெஞ்சில் வாங்கி இடது காலால் அடித்த அந்த ஒரு கோல். ஏழு வயதுப் பையன் விம்மி விம்மி அழுதிருக்கிறான். அப்பா டிவியை அணைத்தார். நாற்காலியிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து விரித்தார். இடது பக்கத்தில் தான் ஒரு வரி எழுதினார், வலது பக்கத்தை அவனுக்குக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "அடுத்த ஆட்டம் எப்போ?"

அதன் பிறகு எல்லா ஆட்டத்துக்கும் அந்த நோட்டு வந்தது. இடது பக்கம் அப்பா, வலது பக்கம் மகன். தேதி, கோல் கணக்கு, ஆளுக்கு ஒரு வரி. நான் அதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வலி நிறைந்த நோட்டுதான் அது. 2015-இலும் 2016-இலும் தென் அமெரிக்க நாடுகளின் தொடரான கோபா அமெரிக்காவின் இறுதிப்போட்டி, இரண்டிலும் சிலியிடம் பெனால்டியில் தோல்வி. இரண்டாவதில் மெஸ்ஸி தன் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டு, இனி நாட்டுக்காக ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். அந்தப் பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் எழுதியிருக்கிறான்: "நானும் விளையாட மாட்டேன்." எதிரே அப்பாவின் கையெழுத்து: "வருவார். நீயும் வருவாய்." சில வாரத்தில் மெஸ்ஸி திரும்பி வந்தார். 2018 உலகக் கோப்பையில் பிரான்ஸிடம் 4-3 தோல்வி. அந்தப் பக்கத்தில் அப்பா வெறும் "அடடா" என்று எழுதியிருக்கிறார்.

2021 ஜூலையில், கோபா அமெரிக்கா இறுதிப்போட்டியில், அதே மரகானாவில், 22-வது நிமிடத்தில் டி மரியா கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப்போட்டு பிரேசிலை வென்றார். 28 வருடங்களுக்குப் பிறகு வந்த பெரிய கோப்பை. அந்தப் பக்கத்தில் அப்பா எழுதிய வரி பையனுக்கு விளங்கவே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2022 மார்ச் இரண்டாவது வாரம், 47 வயதில், அப்பா மாரடைப்பால் இறந்தார். முன்னறிகுறி எதுவும் இல்லை. வீட்டில் அம்மா, 15 வயதுப் பையன், ஏழு வயதுத் தங்கை.

என்னிடம் வந்த காரணம்

ஜூன் முதல் வாரம் பள்ளியில் ஒரு வகுப்புத் தோழனை அவன் அடித்துவிட்டான். அதுவரை யாரையும் கைநீட்டாத பையன். அந்தத் தோழன் கேலி எதுவும் செய்யவில்லை. "உங்க டீம் கப் அடிச்சிருச்சுடா!" என்று ஓடிவந்து தோளில் தட்டியிருக்கிறான், அவ்வளவுதான். ஜூன் 1 அன்று வெம்ப்லியில் ஐரோப்பிய சாம்பியன் இத்தாலியை 3-0 என்று வென்று தென் அமெரிக்க சாம்பியன் அர்ஜென்டினா, இரண்டு கண்டத்துச் சாம்பியன்களும் மோதும் ஃபைனலிசிமா கோப்பையை வாங்கியிருந்தது. பையன் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அப்பா போன பிறகு எந்த ஆட்டத்தையும் பார்க்கவில்லை. நோட்டையும் திறக்கவில்லை.

முதல் சந்திப்பின் குறிப்பில் நான் எழுதியது இது: "கால்பந்துப் பேச்சு கோபத்தைத் தூண்டுகிறது." இன்று அதைப் படித்தால் மனம் கனக்கிறது. அவனைத் தூண்டியது கால்பந்துப் பேச்சு இல்லை. ஜெயித்த செய்தி. விடை முதல் நாளே என் கையில் இருந்திருக்கிறது.

மதிப்பீடு

தூக்கம் குறைந்திருந்தது, படிப்பில் கவனம் சிதறியது. ஆனால் சாப்பிட்டான், தங்கையைப் பார்த்துக்கொண்டான், நண்பர்களை முழுதாக ஒதுக்கவில்லை. அப்பா இறந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர்வைக்கப் பிள்ளைகள் விஷயத்தில் குறைந்தது ஆறு மாதமாவது கடந்திருக்க வேண்டும். அதனால் எந்த நோய்ப் பெயரும் வைக்கவில்லை. அவனுக்கு இருந்தது துக்கம். துணைக்கு ஆள் வேண்டியிருந்தது.

உறவினர் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை அவனை உறுத்திக்கொண்டே இருந்தது: "இனி நீதான் அப்பா இடத்துல இருந்து எல்லாத்தையும் பாத்துக்கணும்." நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். அப்பாவை இழந்தவனிடம், மகனாக இருப்பதையும் விட்டுவிடு என்று கேட்கிற வார்த்தை அது.

மூன்றாவது அமர்வில் இன்னொன்று வெளியே வந்தது. கைப்பேசியில் எதையோ தேடி எடுத்து என் முன்னால் நீட்டினான். 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வைப் பற்றிய செய்தி. ஜெர்மனி ஆடிய நாட்களில் அங்கே இதய அவசரச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்தார்கள் என்பது அதன் முடிவு. 2008-இல் வெளியான உண்மையான ஆய்வுதான். "மேடம், ராத்திரி கண்ணு முழிச்சு மேட்ச் பாக்கலாம்னு அப்பாவை நான்தான் பிடிவாதமா உட்கார வைப்பேன்" என்றான். மேலே பேச முடியவில்லை.

இந்த இடத்தில் வெறும் ஆறுதல் வார்த்தை போதாது என்று தோன்றியது. அந்த ஆய்வையே எடுத்துவைத்து இருவரும் படித்தோம். அதில் பாதிப்பு ஆட்ட நாளோடு ஒட்டியது. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அது உச்சம். சரி, அப்பா இறந்த வாரத்தில் என்ன ஆட்டம் இருந்தது? அவனையே பார்க்கச் சொன்னேன். பிப்ரவரி 1 அன்று கொலம்பியாவுடன் தகுதிச்சுற்று ஆட்டம், அடுத்தது மார்ச் 25 அன்று வெனிசுவேலாவுடன். நடுவில் ஒன்றுகூட இல்லை. தேதிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அட்டவணையை விரல் நுனியில் வைத்திருக்கும் ரசிகனுக்கு அட்டவணையே சாட்சி சொன்னது. அன்று இரவு மாதக்கணக்கில் இல்லாத அளவுக்குத் தூங்கினான் என்று அம்மா சொன்னார்.

போட்ட திட்டம்

துக்கத்தைப் பற்றிய பழைய கருத்தில் இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் தேறுவது. இன்று நாங்கள் அப்படி வேலை செய்வதில்லை. பெற்றோரில் ஒருவரை இழந்த 125 பிள்ளைகளை ஃபிலிஸ் சில்வர்மனும் வில்லியம் வோர்டனும் தொடர்ந்து கவனித்தார்கள். இறந்தவரோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு வைத்திருப்பது அந்தப் பிள்ளைகளிடம் இயல்பாகவே இருந்தது: ஒரு பொருளைப் பத்திரப்படுத்துவது, மனதுக்குள் பேசுவது, அவர் எங்கிருந்தோ பார்க்கிறார் என்று நினைப்பது. 1996-இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் தொடரும் பந்தம் என்று சொல்லலாம்.

அம்மாவுக்கு இதில் பயம் இருந்தது. அப்பாவின் நாற்காலியில் மகன் யாரையும் உட்காரவிடுவதில்லை, ஜெர்சியை அதன் முதுகில் மாட்டி வைத்திருக்கிறான், இது சரியா என்று கேட்டார். லிவர்பூல் நகரத்தின் எவர்ட்டன் அணியைப் பற்றிச் சொன்னேன். அவர்களுடைய ஆண்கள் அணி 2025 வரை ஆடிய குடிசன் பார்க் மைதானத்தின் ஓரங்களில் 800-க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி புதைக்கப்பட்டிருக்கிறது. இனி இடமே இல்லை என்று 2004-இல்தான் நிறுத்தினார்கள். அப்பாவை அங்கே விட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஒரு நாற்காலியில் ஒரு ஜெர்சி இருப்பதற்கு நாம் பயப்பட வேண்டியதில்லை.

என் பிழை இன்னொரு இடத்தில் இருந்தது. ஸ்ட்ரோபேவும் ஸ்கூட்டும் 1999-இல் முன்வைத்த இரட்டைப் போக்குக் கருத்தை நான் அடிக்கடி பயன்படுத்துவேன். துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் இருப்பார், ஒரு நேரம் வாழ்க்கையைத் திரும்பக் கட்டும் பக்கம் இருப்பார். இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதுதான் ஆரோக்கியம். நான் கால்பந்தை இரண்டாவது பக்கத்தில் வைத்தேன். பழைய பொழுதுபோக்குக்குத் திரும்புகிறான் என்றால் தேறுகிறான் என்று கணக்குப் போட்டேன். இவனுக்குக் கால்பந்து இரண்டு பக்கமும் இருந்தது. ஒவ்வொரு ஆட்டமும் அப்பாவிடம் போகும் வழி, அப்பா இல்லை என்பதைக் காட்டும் இடமும் அதுவே.

நவம்பரில் கத்தார் உலகக் கோப்பை. பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தது அவன்தான். தோற்றால் என்ன செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதினோம். டிவியை அணைப்பது. தரையில் உட்காருவது. நோட்டைத் திறந்து வலது பக்கத்தில் ஒரு வரி எழுதுவது. இடது பக்கத்தைக் காலியாக விடுவது. அடுத்த ஆட்டத்தின் தேதியைக் குறிப்பது. அதாவது, அப்பாவின் வழக்கத்தை அவனே தனக்குச் செய்துகொள்வது.

அந்தச் சமயத்தில் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். 2014 அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் 7-1 என்று தோற்ற அன்று, மீசை வைத்த ஒரு முதியவர் கோப்பையின் நகலைக் கட்டிப்பிடித்து நிற்கும் படம் உலகம் முழுக்கப் போனது. அர்ஜென்டினா ரசிகனுக்குப் பிரேசில் பரம எதிரி. "மேடம், என்கிட்ட பிரேசில் கதையா?" என்று சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த முதியவர் க்ளோவிஸ் ஃபெர்னாண்டஸ். உலகக் கோப்பைதோறும் அந்த நகலைத் தூக்கிக்கொண்டு போனவர். அன்று ஆட்டம் முடிந்ததும் அதை ஒரு ஜெர்மனி ரசிகையின் கையில் கொடுத்தார். அடுத்த வருடம் செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். 2018-இல் ரஷ்யாவுக்கு அவருடைய மகன்கள் அப்பாவின் தொப்பியோடும் கோப்பையோடும் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்தவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க ரெண்டு பேரு. நான் ஒருத்தன்" என்றான். இதையும் நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

உலகக் கோப்பை

நவம்பர் 22. முதல் ஆட்டமே சவூதி அரேபியாவிடம் 2-1 தோல்வி. 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அணி. எனக்கு நெஞ்சு படபடத்தது. அவனோ எழுதிவைத்ததை ஒன்றுவிடாமல் செய்திருக்கிறான். எட்டு மாதத்துக்குப் பிறகு நோட்டைத் திறந்து எழுதினான்: "ஆஃப்சைடிலேயே மூணு கோல் போச்சு. அடுத்தது 26, மெக்ஸிகோ." அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். திட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மெக்ஸிகோ, போலந்து, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, குரோஷியா. ஒவ்வொன்றாகத் தாண்ட, வலது பக்க வரிகள் குறுகிக்கொண்டே வந்தன. குரோஷியாவை 3-0 என்று ஜெயித்த பிறகு வெறும் கோல் கணக்கு மட்டும்தான். ஆட்டங்கள் நெருக்கமாக வருகின்றன, களைத்திருப்பான் என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 18. லுசைல் மைதானம், எதிரே பிரான்ஸ். வீட்டில் அம்மா, தங்கை, மாமா, இரண்டு நண்பர்கள். நாற்காலியில் ஜெர்சி. முதல் பாதியில் மெஸ்ஸியின் பெனால்டி, டி மரியாவின் கோல், 2-0. பிறகு 80, 81-வது நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல் அடித்துச் சமன்செய்ததும் வீடே தலையில் கைவைத்தது. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று, 3-3. கடைசி நொடிகளில் பிரான்ஸின் கோலோ முவானியின் அடியை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். பெனால்டியில், தன் ஹேண்ட்பாலால் எம்பாப்பேயின் மூன்றாவது கோலுக்கு வழிவிட்ட அதே மொன்டியெல் கடைசிப் பந்தை உள்ளே அடித்தார். 4-2. வீடு குதித்தது. பையன் திரும்பி நாற்காலியைப் பார்த்தான். எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டான். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து தலைவலி என்றான். மூன்று வாரம் நோட்டைத் தொடவில்லை, யாரோடும் சரியாகப் பேசவில்லை, பள்ளிக்கும் போகவில்லை.

ஜனவரி

டிசம்பர் 29 அன்று பெலே இறந்தார். 1950-இல் மரகானாவில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றதும் அவருடைய அப்பா அழுததும், "அழாதீங்க, நான் உங்களுக்குக் கப் ஜெயிச்சுத் தரேன்" என்று ஒன்பது வயதுப் பையன் சொன்னதும், எட்டே வருடத்தில் 17 வயதில் அதைச் செய்துகாட்டியதும் மறுபடி எல்லாச் செய்திகளிலும் வந்தது. ஜனவரியில் என்னிடம் வந்தபோது அவன் முதலில் பேசியதே இதைத்தான். "பெலே ஜெயிச்சப்போ அவர் அப்பா உயிரோட இருந்தார் மேடம்."

பிறகு மெதுவாகச் சொன்னான். எம்பாப்பே இரண்டு கோல் போட்டபோது தனக்குள் ஒரு நிம்மதி வந்தது என்று. தோற்கட்டும் என்று நினைத்ததாகவும் சொன்னான். தன் அணி தோற்க வேண்டும் என்று உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் வேண்டிக்கொண்டவன் எப்படிப்பட்ட ரசிகன், எப்படிப்பட்ட மகன் என்று கேட்டான். "தோத்திருந்தா அடுத்த ஆட்டம் எப்போன்னு கேட்டிருப்பேன். இப்போ என்ன கேக்கறது?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. தோல்விக்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. ஏழு வயதிலிருந்து அப்பா அதைக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்திருந்தார். அப்பா இல்லாமலும் அந்த முறை நின்றது, ஏனென்றால் அது பையனின் உடம்பில் ஊறியிருந்தது. வெற்றிக்கு அப்படி எதுவும் இல்லை. அதோடு, 2014-இலிருந்து அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலை காத்திருப்பது. அப்பா இறந்த பிறகும் அது நிற்கவில்லை. உலகக் கோப்பை வராத வரைக்கும் இருவரும் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மொன்டியெல் அடித்த பந்து அதை முடித்துவைத்தது. அப்பாவோடு சேர்ந்து செய்துகொண்டிருந்த கடைசி வேலை முடிந்துபோனது, அதுவும் அவர் பார்க்காமல். ஜூன் மாதம் அந்தத் தோழன் தோளில் தட்டியபோது நடந்ததும் இதன் சின்ன வடிவம்தான். நான் தவறவிட்டேன் என்று அவனிடமே சொன்னேன். அவன் ஆச்சரியப்பட்டான். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டு அவன் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நிம்மதி வந்ததைப் பற்றி அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: அது துரோகம் இல்லை. அப்பாவோடு இன்னும் நாலு வருடம் காத்திருக்க ஆசைப்பட்டிருக்கிறாய். அதைக் கேட்டு நெடுநேரம் அழுதான்.

அம்மா சொன்னது

அடுத்த அமர்வுக்கு அம்மாவையும் அழைத்தேன். அவருக்குக் கால்பந்தில் ஆர்வமில்லை. ஆனால் 20 வருடமாக, கால்பந்து பார்க்கும் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பையன் 2021 கோபா இறுதிப்போட்டிப் பக்கத்தைத் திறந்தான். வலது பக்கத்தில் அவன் பெரிய எழுத்தில் "சாம்பியன்!!!" என்று எழுதியிருந்தான். இடது பக்கத்தில் அப்பாவின் ஒரே வரி: "அப்பாவிடம் சொல்ல வேண்டும்."

இது என்ன என்று அப்போதே அப்பாவிடம் கேட்டிருக்கிறான். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். நம் வீடுகளில் அப்பாக்கள் பிள்ளைகளிடம் பேசும்போது தங்களையே அப்பா என்றுதானே சொல்வார்கள். "அப்பாகிட்ட கொடு", "அப்பா வரேன்". அப்படித்தான் இவனும் படித்திருக்கிறான்: அப்பாவிடம், அதாவது தன்னிடம், மகன் ஏதோ சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகு அந்த வரி அவனுக்குப் பாரமாகிவிட்டது. சொல்லாமல் விட்டது என்ன என்று தேடிக்கொண்டே இருந்தான். நோட்டைத் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மா அந்த வரியை அப்போதுதான் முதல்முறை பார்த்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அன்னைக்கு மேட்ச் முடிஞ்சதும் உங்கப்பா போனை எடுத்துட்டு வெளியே போனாரே, ஞாபகம் இருக்கா கண்ணா? ரொம்ப நேரமா வரலையேன்னு நான் பின்னாலேயே போனேன். போனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தார். தாத்தா நம்பர் திரையில இருந்துச்சு. அவர் போயி 12 வருஷம் ஆச்சு, அந்த நம்பரை அழிக்கவே இல்லை. 'கூப்பிடலாம்னு எடுத்துட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு'ன்னார். குழந்தை மாதிரி அழுதார். முகம் கழுவிட்டு உள்ள வந்து உன்னைத் தூக்கிச் சுத்தினார்."

பையன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வரியில் இருக்கும் அப்பா தாத்தா என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தன் அப்பாவும் ஒரு நாள் இதே இடத்தில் நின்றிருக்கிறார். கோப்பை வந்திருக்கிறது, சொல்ல அப்பா இல்லை. டிசம்பர் 18 அன்று குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டவன் தனியாள் இல்லை. அவனுக்கு முன்னால் அதே வலியோடு இன்னொரு மகன் வெளியே போய் நின்று அழுதிருக்கிறார். வெற்றியை எப்படித் தாங்குவது என்று அப்பா கற்றுக்கொடுக்கவில்லை என்று நானும் அவனும் முந்தைய வாரம் பேசியிருந்தோம். கற்றுக்கொடுத்துத்தான் இருந்தார், இடது பக்கத்தில் எழுதியே வைத்திருந்தார்.

அவன் பேனா கேட்டான். 2022 டிசம்பர் 18 என்று தேதி போட்டான், 3-3, பெனால்டி 4-2 என்று எழுதினான். இடது பக்கத்தை விட்டுவிட்டு வலது பக்கத்தில் எழுதினான்: "அப்பாவிடம் சொல்ல வேண்டும்."

அவன் சொன்னான். எங்கே, எப்படி என்பது அவனோடு இருக்கட்டும். என்னிடம் விவரித்தான், எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

பிறகு

பிப்ரவரியிலிருந்து பள்ளிக்கு ஒழுங்காகப் போனான். அடித்த தோழனிடம் போய் மன்னிப்புக் கேட்டு, ஏன் அடித்தேன் என்று காரணமும் சொல்லியிருக்கிறான். அமர்வுகளை மாதம் ஒன்றாகக் குறைத்தோம். முதல் நினைவு நாள் வந்த வாரம் மட்டும் தூக்கம் மறுபடி கெட்டது, பத்து நாளில் சரியானது. ஜூலை 2023-இல் அமர்வுகளை முடித்தேன். நாற்காலியில் இன்னும் ஜெர்சி இருக்கிறது. அதை எடுப்பது பற்றி நான் ஒருபோதும் பேசவில்லை.

இதே போன்ற பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிறந்தநாள், நினைவு நாள், தோல்வி என்று வலிக்கும் நாட்களுக்கு நாம் தயார்செய்கிறோம். தேர்வில் முதலிடம், முதல் சம்பளம், கோப்பை என்று யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றும் நாட்களையும் முன்கூட்டியே கேளுங்கள். "ஜெயிச்சா யார்கிட்ட முதல்ல சொல்வ?" என்ற கேள்வியை இப்போது நான் முதல் மூன்று அமர்வுக்குள் கேட்டுவிடுகிறேன்.

2024 ஜூலையில் அம்மா அழைத்தார். கோபா அமெரிக்கா இறுதிப்போட்டி, மயாமியில், கொலம்பியாவுடன். தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணனோடு உட்கார்ந்து முழுதாகப் பார்த்த முதல் தொடர் அது. மஞ்சள் ஜெர்சி பிடித்துப்போய் அவள் கொலம்பியா பக்கம் சேர்ந்துவிட்டாள். இதற்குச் சில நாள் முன்பே பையன் என்னிடம் பேசி ஒரு சந்தேகம் கேட்டிருந்தான்: அவளும் நோட்டில் எழுத வேண்டும் என்கிறாள், இடது பக்கம் அப்பாவுடையது, என்ன செய்வது? நீயே யோசி என்றேன். அவன் தன்னுடைய வலது பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, பாதியை அவளுக்குக் கொடுத்தான்.

112-வது நிமிடத்தில் லௌதாரோ மார்ட்டினெஸ் கோல் அடித்தார். 1-0. இறுதி விசில் ஊதியதும் தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அர்ஜென்டினா கோப்பையைத் தூக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பையன் டிவியை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தான்.